கால்வாய்க் கரையோடு பள்ளிக்கூடம் போகலாமா? – வாசகர் கேள்வி பதில்

நடப்பதற்கும் சைக்கிள் ஓட்டுவதற்கும் ஊர் முழுக்க ஒன்றோடொன்று சேருகிற பாதைகள் திருநெல்வேலிக்கு வேண்டும், அவற்றில் பெரும்பகுதிக்குத் தடம் ஏற்கெனவே நம் கால்வாய்க் கரைகளில் கிடக்கிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன். சர்வேயராக முப்பது வருடத்துக்கு மேல் இந்த ஜில்லாவின் வரப்புகளை அளந்தவன் என்கிற முறையில் எழுதியது. வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த மாதம் பதில்.

நடைப்பயிற்சி நண்பர்கள் இருபது பேர் சேர்ந்து மாநகராட்சிக்கு மனு கொடுக்கப் போகிறோம். வெறுமனே ‘நடைபாதை வேண்டும்’ என்று கேட்டால் பூங்காவுக்குள் ஒரு வட்டம் போட்டுத் தந்துவிடுவார்கள். எங்கிருந்து தொடங்குவது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பெருமாள்புரம்

சரியாகச் சொன்னீர்கள் ஐயா. வட்டத்தில் சுற்றினால் வியர்க்கும், ரேஷன் கடைக்குப் போய்ச் சேர முடியாது. நமக்கு வேண்டியது போய்ச் சேருகிற பாதை.

மனுவுக்கு முன்னால் படம் போடுங்கள். ஒரு பெரிய சார்ட் தாள் போதும். எடுத்த எடுப்பில் பாதையை வரைய வேண்டாம். ஆட்கள் தினமும் போகிற இடங்களை முதலில் குறியுங்கள்: பள்ளிக்கூடங்கள், ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி, பாளை மார்க்கெட், வேய்ந்தான்குளம் பஸ் நிலையம், கோயில், பள்ளிவாசல், சர்ச், ஆற்றுத்துறை. அப்புறம் அவற்றுக்கு நடுவே மூன்று நிறத்தில் கோடு இழுங்கள். வண்டிகள் மெதுவாகப் போகிற உள்தெருக்கள் பச்சை. அங்கே எதையும் கட்ட வேண்டியதில்லை. கால்வாய்க் கரை, குளக்கரை, பழைய வண்டிப்பாதை எல்லாம் நீலம். கோடு எங்கெல்லாம் அறுகிறதோ அங்கே சிவப்பு. அந்தச் சிவப்புப் புள்ளிகளின் பட்டியல்தான் உங்கள் மனு.

இந்தச் சிவப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், 1980களில், சைக்கிள் கேரியரில் அளவுச் சங்கிலியையும் செங்கோணம் பார்க்கும் கிராஸ் ஸ்டாஃபையும் கட்டிக்கொண்டு பாளையங்கால் என்கிற கால்வாயின் கரையோடு போவேன். எங்கும் இறங்கித் தள்ளிய நினைவில்லை. இரண்டு வருடம் முன்பு பேரனைப் பின்னால் வைத்துக்கொண்டு, எங்கள் வீட்டுப் பக்கத்துக் கரையில் இரண்டு கிலோமீட்டர் போனேன். ஏழு இடத்தில் இறங்க வேண்டியிருந்தது. பழக்க தோஷத்தில் ஒவ்வொன்றையும் நோட்டில் குறித்தேன். மூன்று இடத்தில், கிளை வாய்க்கால் பிரியுமிடத்தில் மேலே கிடந்த கல் பலகையைக் காணோம். மூன்றிலும் இடைவெளி ஒன்றரை மீட்டருக்குள்தான். ஒரு இடத்தில் குப்பை மேடு. ஒரு இடத்தில் புதர். ஒரு இடத்தில் கரையையும் சேர்த்து வளைத்து யாரோ சுவர் எழுப்பியிருந்தார்கள். கடைசியாக ஒரு இடத்தில் கரை பெரிய ரோட்டில் போய் முட்டியது. எதிர்ப்பக்கம் அதே கரை தொடர்வது கண்ணுக்குத் தெரிகிறது, நடுவில் கான்கிரீட் தடுப்பு.

கணக்குப் பாருங்கள். மூன்றுக்குப் பலகைக் கல், இரண்டுக்கு ஆள் கூலி. சுவருக்குப் பதிவேடு. பெரிய பணமும் பெரிய திட்டமும் கேட்பது அந்த ரோடு ஒன்றுதான். ஆனால் ஏழில் ஒன்று மிச்சமிருந்தாலும் பையன் கரைப்பக்கம் வரமாட்டான், ரோட்டில்தான் போவான். அதனால் ஐந்தைச் சரிசெய்துவிட்டோம் என்று யாராவது சொன்னால் சந்தோஷப்பட்டுத் திரும்பிவிடாதீர்கள்.

சுவர் விஷயத்தில் சண்டைக்குப் போக வேண்டாம். சர்வே எண் தெரிந்தால் அந்த நிலத்தின் அளவுப் படமான புலப்படத்தை, அதாவது எஃப்.எம்.பி.யை, அரசு இணையதளத்திலேயே பார்க்கலாம். எந்த நிலம் என்ன வகை என்று சொல்லும் அ-பதிவேட்டில் ‘வாய்க்கால்’, ‘வண்டிப்பாதை’ என்று புறம்போக்காக இருந்தால் நகல் எடுத்து மனுவோடு இணையுங்கள். காகிதம் பேசட்டும்.

இன்னொன்று. பாதை அறுகிற இடம் பெரும்பாலும் சொந்தக்காரர் மாறுகிற இடமாக இருக்கும். கரை நீர்வளத்துறைக்கு, பெரிய ரோடு நெடுஞ்சாலைத்துறைக்கு, தெரு மாநகராட்சிக்கு, தண்டவாளம் ரயில்வேயின் மதுரைக் கோட்டத்துக்கு. அவரவர் வேலை அவரவர் எல்லைக் கல்லோடு நின்றுவிடும். ஆகவே ஒரு ஆபீசில் மட்டும் கொடுத்தால் போதாது. திங்கட்கிழமை கொக்கிரகுளத்தில் கலெக்டர் நடத்தும் குறைதீர் நாளில் கொடுங்கள், பல துறை அதிகாரிகள் ஒரே மண்டபத்தில் இருப்பார்கள். வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபாவிலும் படத்தை விரித்துக் காட்டுங்கள்.

மகளுக்குப் பிளஸ் ஒன்னில் அரசு சைக்கிள் கிடைத்தது. ஆறு மாதமாக வாசலில் நிற்கிறது. பஸ்ஸும் லாரியும் போகிற ரோட்டில் விடப் பயந்து ஆட்டோவில் அனுப்புகிறேன். மாதம் பணம் கரைகிறது. நான் அவளைப் பொத்தி வளர்ப்பதாக வீட்டில் சொல்கிறார்கள். என் மேல் தவறா?
– ஒரு தாய், மேலப்பாளையம்

உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை அம்மா. இந்தக் கடிதத்தை நான் மூன்று தடவை படித்தேன். சைக்கிள் கொடுத்தாகிவிட்டது, அதை ஓட்ட இடம் இன்னும் கொடுக்கவில்லை. அந்தக் குறையைத் தாய்மார் தலையில் போடுவது நியாயமே இல்லை.

ஒரு ஊரில் சைக்கிள் பாதை இருக்கிறதா இல்லையா என்பதற்கு நான் வைக்கும் அளவுகோல் உங்கள் வாசல்தான். பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தனியாக அனுப்பிவிட்டு அம்மா அடுப்படி வேலையைப் பார்க்க முடிந்தால் பாதை இருக்கிறது. ரோட்டோரம் வெள்ளைக் கோடு இழுத்து சைக்கிள் படம் வரைந்தது பாதை ஆகாது. அதில் காலை எட்டரைக்கு ஆட்டோ நிற்கும். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது. ஐம்பது கிலோமீட்டரில் ஓடும் வண்டிக்கும் பதினைந்தில் போகும் பிள்ளைக்கும் நடுவில் பெயின்ட் மட்டும் இருந்தால் போதுமா? கட்டாயம் ஒரு தடுப்பு வேண்டும், இல்லையென்றால் வண்டியின் வேகம் குறைய வேண்டும். இரண்டும் முடியாத ரோட்டுக்கு மாற்றாகத்தான் கரையைச் சொல்கிறேன். பாளையங்கால் உங்கள் மேலப்பாளையத்தையும் தொட்டுக்கொண்டு பாளையங்கோட்டைக்குள் போகிறது. அத்தனை பள்ளிக்கூடங்கள் இருக்கிற திசைக்கு ஒரு கால்வாய் தானாகவே வழி காட்டுகிறது என்பதை நினைத்தாலே எனக்கு மனம் பொங்கும்.

அதுவரை என்ன செய்வது? ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளோடு நீங்களும் நடந்து போய் உள்தெரு வழி ஒன்றைக் கண்டுபிடியுங்கள், கொஞ்சம் சுற்றானாலும் பரவாயில்லை. அதே பள்ளியில் படிக்கும் பத்துப் பிள்ளைகளைச் சேர்த்து ஒரே நேரத்தில் கிளம்பச் சொல்லுங்கள். முன்னால் ஒரு பெரியவர், பின்னால் ஒருவர். கூட்டமாகப் போகும் பிள்ளைகளை எந்த டிரைவரும் பார்க்காமல் இருக்க முடியாது. பெரிய ரோட்டைக் கடக்கும் ஒரு இடத்தில் மட்டும் காலையும் மாலையும் போலீஸ் நிற்க வேண்டும் என்று பள்ளித் தலைமையாசிரியர் மூலமாக எழுதிக் கேளுங்கள். ஊர் முழுக்கக் கேட்டால் கிடைக்காது. ஒரு இடம் என்றால் கிடைக்கும்.

நம் ஊர் ஈரடுக்கு மேம்பாலத்தை எதற்கு இரண்டு தட்டாகக் கட்டினார்கள்?
– ஒன்பதாம் வகுப்பு மாணவன், மீனாட்சிபுரம்

நல்ல கேள்வி தம்பி. பஸ், லாரி மேல் தட்டில், சின்ன வண்டிகள் கீழ்த் தட்டில் போவதற்காக. 1970களின் தொடக்கத்திலேயே, ரயில் பாதையைத் தாண்டும் ஒரே பாலத்தில் இரண்டு வகை வேகத்தையும் பிரித்து வைத்த ஊர் இது. நான் கேட்பதும் அதே யோசனையைத் தரையில் செய்ய வேண்டும் என்றுதான். அடுத்த தடவை கீழ்த் தட்டில் போகும்போது, அது முடிகிற இடத்தில் சைக்கிள்காரர் எங்கே போய்ச் சேருகிறார் என்று பார்த்து எழுது.

கால்வாய்க் கரை உங்களுக்கு நடைபாதையாகத் தெரிகிறது. எங்களுக்கு அது டிராக்டர் போகும் வழி, நாற்று இறக்கும் இடம். டவுன்காரர்கள் வந்து பிளாஸ்டிக்கைத் தண்ணீரில் போட்டுவிட்டுப் போவார்கள். கரையில் டைல்ஸ் ஒட்டிவிட்டால் தூர்வார பொக்லைன் எப்படி இறங்கும்?
– விவசாயி, முன்னீர்பள்ளம்

ஐயா, எல்லாக் கடிதங்களிலும் எனக்கு மிகவும் வேண்டியது உங்களுடையதுதான். கால்வாய் முதலில் தண்ணீருக்கு. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளிலும் கால்வாய் வெட்டினவர்கள் கார், பிசானம் என்கிற இரண்டு நெல் போகத்துக்கும்தான் வெட்டினார்கள், நம் சர்க்கரை வியாதிக்கு அல்ல. பாதைக்காக மடை ஒன்று அடைபட்டாலும் அந்தப் பாதை வேண்டாம் என்று நானே முதலில் சொல்வேன்.

ஆனால் இரண்டும் ஒத்துப்போக வழி இருக்கிறது. இரண்டு கரையில் ஒன்றை இயந்திரத்துக்கு விட்டுவிட வேண்டும். பாதை மறு கரையில். அங்கும் டைல்ஸ் வேண்டாம், கைப்பிடிக் கம்பி வேண்டாம். சரள் போட்டு இறுக்கி உருளை ஓட்டினால் போதும். அகலம் மூன்று மீட்டர் கிடைத்தால் டிராக்டரும் அதிலேயே போகலாம். நடவு, அறுப்பு நாட்களில் டிராக்டருக்குத்தான் முதல் வழி என்று ஒவ்வொரு நுழைவிலும் பலகை இருக்க வேண்டும். பொக்லைன் ஓடிப் பழுதானாலும் ஒரு லோடு சரளில் சரியாகும். கான்கிரீட் உடைந்தால் அடுத்த டெண்டர் வரைக்கும் உடைந்தே கிடக்கும்.

கரையில் கடைக்கு இடமே கூடாது. கரை தெருவைத் தொடுமிடத்தில்தான் டீக்கடை, குப்பைத் தொட்டி, விளக்கு எல்லாம். குப்பைக்குப் பாதி காரணம் தின்பண்டம், அது உள்ளே வராவிட்டால் பாதி குறையும். மரம் வைத்தால் வெளிச் சரிவில் வையுங்கள், தூர்வாரும்போது வேர் மாட்டாது. புங்கை, மருதம், நாவல் நன்றாக வரும். நிழல் இல்லாமல் நம் வெயிலில் எந்தப் பாதையும் காலை எட்டு மணியோடு செத்துவிடும்.

நீங்கள் எழுதாத ஒன்றை நானே சொல்கிறேன். படித்துறைகளில் பெண்கள் குளிப்பார்கள், துணி துவைப்பார்கள். அந்த வழியாக ஷூ போட்ட கூட்டம் ஒன்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கடந்தால் அவர்கள் எங்கே போவார்கள்? அந்த இடங்களில் பாதை கரையை விட்டு இறங்கிப் பின்னால் தெரு வழியாகச் சுற்றி மறுபடி ஏற வேண்டும். படம் போடுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள், மேலிருந்து எடுத்த போட்டோவைப் பார்த்துப் போடுகிறார்கள். அதில் படித்துறை தெரியும், குளிக்கிற நேரம் தெரியாது. அந்த ஊர்ப் பெண்களைக் கேட்காமல் ஒரு மீட்டர்கூடக் குறிக்கக் கூடாது.

ஆற்றங்கரையில் வண்ணார்பேட்டையிலிருந்து இரண்டு பக்கமும் அழகான கான்கிரீட் நடைமேடை கட்டினால் என்ன? எத்தனையோ நகரங்களில் இருக்கிறதே?
– கட்டட ஒப்பந்ததாரர், பாளையங்கோட்டை

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. இங்கே தாமிரபரணி கரையை விட்டு ஏறி ஜங்ஷனுக்குள் வந்தது. அப்படிப்பட்ட ஆற்றின் ஓரத்தில் மேடையும் கம்பி வேலியும் கட்டினால், வேலியில் செத்தையும் மரமும் சிக்கி அதுவே அணையாக நின்று தண்ணீரை ஊருக்குள் தள்ளும்.

நம் முன்னோர் ஆற்றுக்குள் கட்டியதைப் பாருங்கள். குறுக்குத்துறை முருகன் கோயில் வெள்ளத்தில் முங்குகிறது, தண்ணீர் வடிந்ததும் கழுவிவிட்டுப் பூஜை நடக்கிறது. முங்கும் என்று தெரிந்தே கல்லில் கட்டியது. ஆற்றோரப் பாதையும் அப்படித்தான் இருக்க வேண்டும்: பழைய படித்துறைக் கல், இறுக்கிய சரள், மூழ்கினால் மூழ்கட்டும். விளக்குக் கம்பமும் மின்பெட்டியும் மட்டும் மேட்டில். கருப்பந்துறை, குறுக்குத்துறை, சிந்துபூந்துறை என்று துறைகளின் பெயரே வரிசையாக இருக்கிறது. ஒவ்வொரு துறைக்கும் ஊருக்குள்ளிருந்து இறங்கும் தெருவைச் சீர்படுத்துவதுதான் முதல் வேலை.

ஆற்றைத் தாண்டுவது வேறு பிரச்சினை. 1843-இல் திறந்த, பதினொரு வளைவுகள் கொண்ட சுலோசன முதலியார் பாலம்தான் இன்றும் நெல்லைக்கும் பாளைக்கும் கழுத்து மாதிரி. இரண்டு கரையிலும் எத்தனை நல்ல பாதை போட்டாலும், பாலத்தில் நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் தனி இடம் ஒதுக்காவிட்டால் இரண்டு தனித்தனி ஊராகத்தான் கிடக்கும். ஒப்பந்ததாரர்கள் உங்கள் திறமையைக் கொஞ்சம் அங்கே காட்டுங்கள்.

ரத வீதியில் நாற்பது வருடக் கடை. நடப்பவர்களுக்கு என்று தெருவை ஒதுக்கினால் கார் வைத்திருக்கும் வாடிக்கையாளர் வரமாட்டார். எங்கள் பிழைப்பு?
– ஜவுளி வியாபாரி, டவுன்

அண்ணாச்சி, உங்கள் கடைவாசலில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நின்று எண்ணிப் பாருங்கள். உள்ளே வருகிறவர்களில் எத்தனை பேர் காரில் இருந்து நேராக இறங்குகிறார்கள், எத்தனை பேர் பஸ்ஸில் வந்து நடந்து வருகிறார்கள் என்று. ஒரு கார் நிற்கிற இடத்தில் எட்டுப் பத்து சைக்கிள் நிற்கும். ரத வீதி அகலமாக இருப்பதே ஆனித் தேர் ஓடுவதற்காக. தேரன்று தெரு முழுக்கக் கால்தான், அன்றைக்குக் கடை வீதி செத்தா போகிறது?

நிரந்தரமாகக் கேட்கவில்லை. மாதம் ஒரு ஞாயிறு சாயங்காலம் வைத்துப் பார்க்கலாம். சென்னை பாண்டி பஜாரில் 2019-இல் அகலமான நடைபாதை வளாகம் வந்தது, ஒருமுறை போய் அங்கே கடைக்காரர்களிடமே விசாரித்து வாருங்கள். பூக்காரம்மாவையும் வளையல் தள்ளுவண்டியையும் விரட்டிவிட்டு நடைபாதை போடும் யோசனைக்கு நான் உடன்பட மாட்டேன். அவர்களுக்கு இடம் குறித்துத் தர 2014-ஆம் வருடத்துச் சட்டமே இருக்கிறது.

பைக் நுழையாமல் இருக்க நடைபாதை வாயில் குறுக்குக் கம்பி போடுகிறார்கள். என் மூன்று சக்கர வண்டியும் நுழைவதில்லை. எங்களைக் கணக்கில் எடுக்கிறீர்களா?
– மாற்றுத்திறனாளி வாசகர், வண்ணார்பேட்டை

போன மாதக் கட்டுரையில் எடுக்கவில்லை. மன்னியுங்கள், அது என் பெரிய பிழை.

இதில் உண்மையைச் சொல்ல வேண்டும். பைக்கின் கைப்பிடியும் உங்கள் வண்டியின் அகலமும் ஏறக்குறைய ஒன்று. ஒன்றைத் தடுத்து இன்னொன்றை விடும் கம்பி கிடையாது. ஆகவே கம்பியை நம்பாமல், பாதையில் எந்நேரமும் ஆள் நடமாட்டம் இருக்கும்படி செய்வதும், மீறுகிற பைக்குக்கு அபராதம் போடுவதும்தான் வழி. நுழைவில் நடுவே ஒரே ஒரு கல், அதன் இரண்டு பக்கமும் குறைந்தது 1.2 மீட்டர் இடைவெளி. சரிவு பன்னிரண்டுக்கு ஒன்று, அதாவது ஒரு அடி ஏற பன்னிரண்டு அடி நீளம். திரும்புவதற்கு ஒன்றரை மீட்டர் வட்டம். சாலைகளுக்கு அளவு வகுக்கும் அமைப்பான இந்திய சாலை காங்கிரஸின் வழிகாட்டுதல்படி நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர், உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் கூடாது. நம் ஊரில் முழங்கால் உயரத்தில் கட்டிவிட்டு யாரும் ஏறுவதில்லை என்கிறோம்.

2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், நடைபாதையைப் பயன்படுத்துவது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றும், அது மாற்றுத்திறனாளிகளுக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும் என்றும் சொன்னது. பார்வையற்றோர் பள்ளி நூறு வருடத்துக்கு மேல் நடக்கும் பாளையங்கோட்டையில், தொட்டு அறியும் ஓடு பதித்த ஒரு தெருவாவது அந்தப் பள்ளியிலிருந்து பஸ் நிறுத்தம் வரைக்கும் இருக்க வேண்டாமா?

வெளிநாட்டில் சைக்கிள் பாதைச் சந்திப்புகளுக்கு எண் போட்டிருப்பார்களாமே?
– பேட்டை வாசகர், தற்போது பெங்களூரு

ஆமாம். பெல்ஜியத்தின் லிம்பர்க் பகுதியில் 1995-இல் தொடங்கியது. அதை யோசித்தவர் ஹியூகோ போலன் என்கிற சுரங்கப் பொறியாளர். ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரு எண், போக வேண்டிய எண்களை வரிசையாக எழுதி வைத்துக்கொண்டால் வழி தவறாது. அங்கிருந்து நெதர்லாந்துக்கும் பரவிவிட்டது. இதைப் படித்ததும் எனக்கு நம் கால்வாய் மடைகள் ஞாபகத்துக்கு வந்தன. இன்னாருக்குத் தண்ணீர் எத்தனையாவது மடையில் என்று விவசாயி சொல்வது போல, ‘பன்னிரண்டாம் மடையில் ஏறி, பதினேழில் இறங்கு’ என்று பிள்ளைகள் வழி சொல்லிக்கொள்ளலாம்.

அம்பாசமுத்திரம் மாதிரிச் சின்ன ஊருக்கு இதெல்லாம் தேவையா?
– கல்லூரி மாணவி, அம்பாசமுத்திரம்

உங்களுக்குத்தான் சுலபம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கல்லிடைக்குறிச்சி, நடுவில் ஒரு பாலம், அங்கே கன்னடியன் கால்வாய்க் கரை. ரயில் நிலையம் இரண்டு ஊரிலும் இருக்கிறது. இரண்டு ரயில் நிலையத்தையும் இரண்டு ஊர்ப் பள்ளிகளையும் இணைத்தாலே பாதி வேலை முடிந்தது. மலைக்குப் போகும் வழியை மட்டும் இதில் சேர்க்க வேண்டாம், அது புலிகள் காப்பகம், வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு அடி வைக்கக் கூடாது.

உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு நாங்களும் கரையில் நடந்து சிவப்புப் புள்ளி குறிக்கப் போகிறோம். எந்த மாதம் நல்லது?
– இளைஞர் மன்றம், தச்சநல்லூர்

தண்ணீரை அடைத்திருக்கும் கோடை மாதங்களில் போங்கள். அப்போதுதான் கரையின் அடி, உடைந்த பலகை, சாக்கடை கலக்குமிடம் எல்லாம் தெரியும். கையில் முப்பது மீட்டர் டேப், ஒரு நோட்டு, தொப்பி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். ஒருவர் அளக்க, ஒருவர் எழுத, ஒருவர் போட்டோ எடுக்க. கம்பு ஒன்று கட்டாயம், புதரில் பாம்பு இருக்கும். காலை ஐந்தரைக்கே கிளம்பிவிடுங்கள், ஒன்பதுக்கு மேல் நிற்க முடியாது. குறித்த படத்தின் நகல் ஒன்றை இந்தப் பத்திரிகை முகவரிக்கு அனுப்புங்கள், என் நோட்டில் இருக்கும் ஏழோடு சேர்த்துக்கொள்கிறேன்.